அவர் யாரையும் அடிக்கவில்லை

சண்டைக் காட்சி சொல்வதில் எங்கள் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காக இதை எழுதவில்லை. என் மேல் நானே எழுதுகிற குற்றப்பத்திரிகைக்கு இதுதான் முதல் வரி.

இலங்கையில் மாத்தளைக்கு மேலே, உச்சியில் தேயிலையும் கீழ்ச்சரிவில் கொஞ்சம் கொக்கோவும் இருந்த தோட்டம் அது. பெரியம்மா டவுனில் குடியிருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறாவது எனக்குத் தியேட்டர் வாய்க்கும். மலையில் என்னோடு கொழுந்து பறிக்கிற பெண்கள் பலருக்கு வருடத்தில் ஒரு படம் கிடைத்தாலே பெரிது. அதனால் திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறியதும், கூடையைச் சரியாக மாட்டுவதற்குள், "படத்தச் சொல்லுடி" என்று நிரைக்கு நிரை குரல் வரும். எல்லோருடைய கையும் பறித்துக்கொண்டே இருக்கும். வாய் மட்டும் என்னுடையது. கங்காணி விரட்டுவதுபோல் பக்கத்தில் வருவார், சண்டை முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்தவராக ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போவார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, பேர் பதிந்து மலைக்குப் போன முதல் வருடம். கணக்கு வராவிட்டாலும் வாய் வந்தது. அடி விழுகிற சத்தத்தை நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கி எழுப்புவேன். கண்ணாடி உடைவதற்கு ஒரு சத்தம், வில்லன் மாடிப்படியில் உருள்வதற்கு ஒரு சத்தம், ஜீப் கவிழ்வதற்கு ஒரு சத்தம் என்று தனித்தனியாக வைத்திருந்தேன். கதாநாயகன் நான்கு பேரை அடித்த படத்தில் என் கதாநாயகன் எட்டுப் பேரை அடிப்பான். கதை என்பது ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற இடம் என்பதுதான் என் அபிப்பிராயம். தாய் அழுகிறாள், தங்கை கல்யாணம் நின்றுபோகிறது, அப்பா ஜெயிலுக்குப் போகிறார் என்று மூன்று வரியில் முடித்துவிட்டு அடுத்த அடிதடிக்கு ஓடிவிடுவேன்.

அடுத்த நிரையில் பறிக்கிற ஓர் அக்கா மட்டும் இதற்கு ஒத்துவரமாட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் சண்டையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் இரண்டு சண்டைக்கு முந்திய இடத்தில் நின்றுகொண்டிருப்பார்.

"அந்தத் தாய் மகன்கிட்ட என்னா சொன்னா?"

"ஒன்னும் சொல்லல்ல அக்கா. அழுதா."

"அழுதான்னா எப்படி? அவ மொகம் எப்படி இருந்துச்சு?"

"மொகம் மொகமாட்டந்தான் இருந்துச்சு" என்பேன். மலை முழுக்கச் சிரிக்கும். "அக்காவுக்கு அழுகாச்சிதான் வேணும். நீ சண்டையச் சொல்லுடி" என்று யாராவது என் பக்கம் நிற்பார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

ஒருமுறை ஒரு படத்தைக் கடைசிச் சண்டைவரை சொல்லி, வில்லனை நெருப்புப் பிடித்த கிடங்குக்குள் தள்ளி, கூடைக் கொழுந்தை நிறுக்கப் போகும் நேரம், அக்கா கேட்டார். "கண்ணு தெரியாத அந்தத் தாயையும் கெடங்குலதானே கட்டி வச்சிருந்தாங்க? அவ என்னா ஆனா?" அவளை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "செத்துட்டா" என்றேன். படத்தில் அவள் சாகவில்லை. மகன் தூக்கிக்கொண்டு வெளியே வருவான். அக்கா அன்று தேத்தண்ணி நேரத்தில் யாரோடும் பேசவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தோட்டத்தின் கீழ் எல்லையைத் தாண்டினால் நாடு. சிங்களக் கிராமத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எல்லையை ஒட்டிய முதல் வளவில் ஐம்பது வயது கடந்த ஒருவர் மனைவியோடு இருந்தார். பலாவிலும் முள்முருங்கையிலும் மிளகுக் கொடி ஏற்றி வளர்த்தவர். வாசலுக்குப் பக்கத்தில் மிளகு காயவைத்துச் சேர்த்துவைக்கிற பலகைக் கொட்டில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கோடு நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு வந்து, எங்கள் பட்டிகளில் ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணமும் அள்ளிக்கொண்டு போவார், மிளகுக்குப் போட. வரும்போதெல்லாம் கையில் ஓர் ஈரப்பலாக்காயாவது இருக்கும். நான் அவரைச் சிங்களத்தில் மாமே என்பேன். அவர் என்னை துவ, அதாவது மகளே என்பார். அதற்கு மேல் பேச்சு நீளாது. பேசினால் வாய் வலிக்கும் என்பதுபோல் இருக்கிற மனிதர்.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். டவுன் பாடசாலையில் படித்தபோது பஸ்ஸிலும் கடையிலும் பேசிப் பேசி வந்தது. லயத்துக்கு ஒரு சிங்களக் கடிதம் வந்தாலும், அரசாங்கக் கச்சேரிப் பேப்பர் வந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். ஆண்களில் இரண்டு பேருக்கு அரைகுறையாக வரும். அக்கா சிங்களத்தில் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

எண்பத்து மூன்று ஆடி மாதம், தமிழர்களைத் தேடித் தேடி அடித்து எரித்த கலவரம். மலையில் நின்று பார்த்தால் டவுன் பக்கம் புகை தெரிந்தது. முதலில் ஓர் இடத்தில், பிறகு நாலைந்து இடத்தில். கங்காணி கூடைகளைப் போட்டுவிட்டு ஓடச் சொன்னார். அவரவர் கால் போன பக்கம் ஓடினோம். சிலர் காட்டுப் பக்கம், சிலர் ஃபாக்டரிப் பக்கம். லயத்துக்கு ஓடி அம்மாவையும், வீட்டில் இருந்த அண்ணனையும் இழுத்துக்கொண்டு நான் இறங்கியது புத்தியில்லாமல் நாட்டுப் பக்கம். எங்கள் பின்னால் அக்கா கைக்குழந்தையோடு வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். மாமே முற்றத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கொட்டில் கதவைத் திறந்து, எல்லோரும் உள்ளே போனதும் சாத்தினார். பிறகு அதன் வாசற்படியிலேயே பாயை விரித்து, சுளகில் மிளகைக் கொட்டிக் காம்பு பொறுக்க உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மிளகுச் சாக்குகள். சுவாசித்தாலே மூக்கு எரிகிறது. பதினொரு பேரும் வாயையும் மூக்கையும் சீலையால் பொத்திக்கொண்டோம். அன்று எங்களுக்கு இருந்த பெரிய பயம் கத்தியும் பெட்ரோலும் அல்ல, தும்மல். அக்கா பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தண்ணீர்க் குடத்தில் நனைத்துக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் திரைபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். கை மாற்றவே இல்லை.

பத்து மணி அளவில் அவர்கள் வந்தார்கள். பலகை இடுக்கில் எனக்குத் தெரிந்தது எட்டு ஒன்பது பேர். பொல்லுத் தடியும் பெட்ரோல் கேனும் வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் மாமேயின் மனைவிக்கு அண்ணன் மகன், இருபது இருபத்திரண்டு வயது. அவனை நான் சந்தியில் பார்த்திருக்கிறேன். லயத்து ஆட்கள் எங்கே என்று கேட்டார்கள். நேற்றே லொறியில் டவுனுக்குப் போய்விட்டார்கள் என்றார் மாமே. எழும்பவில்லை. சுளகைக் கீழே வைக்கவும் இல்லை. வெயிலாக இருக்கிறது, உட்காருங்கள், தேத்தண்ணி போடச் சொல்கிறேன் என்றார்.

உட்கார்ந்தார்கள். அந்தப் பேசாத மனிதர் பேசத் தொடங்கினார்.

மாட்டைப் பற்றிப் பேசினார். மூன்று வாரத்துக்கு முன் அவருடைய சினை மாடு காணாமல் போன கதை. யாரோ லக்கலைப் பக்கம் ஓட்டிப் போனதாகக் கேள்விப்பட்டு, அங்கே கட்டிக்கொடுத்த தன் தங்கை வீட்டுக்குப் போனாராம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். நடந்தபோது பாதையில் ஒற்றை யானை நின்றதாம். காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனையில் காவலுக்குப் பரண் கட்டியிருந்த ஒருவன், யானையைப் பார்த்த பயத்தில், ஏறியிருந்த பரணிலிருந்து இறங்கி அவருக்கு இடம் கொடுக்கப் பார்த்தானாம். வெளியே ஒருவன் சிரித்தான். பிறகு இரண்டு பேர் சிரித்தார்கள். மனைவியின் அண்ணன் மகன் ஒவ்வோர் இடத்திலும் "பிறகு? மாமே, பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அவன் மேல் கொலை வெறி வந்தது. போய்த் தொலைய விடாமல் கதையை வளர்க்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒருவன் எழும்பி, கொட்டிலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். என் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. மாமே, "பார். பச்சை மிளகு பரப்பியிருக்கிறேன், மிதிக்காமல் பார்" என்றார். அதே மூச்சில், "ஆனால் மாட்டு டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போ" என்றார். அண்ணன் மகன், "இரு, கேட்போம்" என்று அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தான். அவன் உட்கார்ந்தான். தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. கதை ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். நான் காதில் வாங்கியது பாதிதான். எந்த நேரம் கதவு திறக்கும் என்பதிலேயே என் உயிர் இருந்தது. பிறகு அவர்கள் எழும்பி, வேறு பக்கம் போய்விட்டார்கள். போன பிறகும் ஒரு மணி நேரம் மாமே கதவைத் திறக்கவில்லை. காம்பு பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு குரல்கூட உயரவில்லை.

மறுநாள் தோட்டத்து லொறியில் எங்களை டவுனில் ஒரு பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நூற்றுக்கணக்கான சனம் வகுப்பறைகளில் கிடந்தது. ஒவ்வொருவரும் மற்றவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீங்க எப்படித் தப்பிச்சீங்க? எங்கள் மூலையில் பதில் சொல்லும் பொறுப்பு தானாகவே எனக்கு வந்தது. முதல் தடவை நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். சுற்றி இருபது பேர் இருந்திருப்பார்கள். வீடு எரிந்த பெண் ஒருத்தி, கரி படிந்த சீலையோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பொறகு?"

"பொறகு அவங்க போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போய்விட்டாள்.

அந்த 'அவ்வளவுதானா' என்னைச் சுட்டது. அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கியது. எல்லோரும் ஓடிய அந்த வாரத்தில், யாராவது ஒருவர் திருப்பி அடித்தார் என்று அவள் கேட்க விரும்பினாள். அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் மாற்றினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் கூட்டம் கலைவதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது தடவை மாமே எழும்பி நின்றார். மூன்றாவது தடவை அவர் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. கொட்டிலுக்குள் அக்காவின் குழந்தை தும்மியது, கதவை நோக்கி ஒருவன் பாய்ந்தான், கத்தி மின்னியது. நாலாம் நாள் என் நாக்குச் சொடுக்கும் சேர்ந்துகொண்டது. எட்டுப் பேரும் தேயிலைச் சரிவில் உருண்டார்கள். "சொந்த மருமகன்னும் பாக்கல்ல, கைய முறிச்சுப் போட்டாரு" என்று முடித்தபோது கூட்டம் கைதட்டியது. வீடு எரிந்த அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்து வகுப்பறையிலிருந்தும் ஆட்கள் வந்து, மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

அக்கா சுவரோரம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாடு எங்கடி?"

"மாட்டையெல்லாம் யாருக்கா கேப்பா" என்றேன்.

தோட்டத்துக்கு நாங்கள் திரும்புவதற்குள் என் கதை எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பாடசாலை முகாமிலிருந்து பல தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்து டவுனுக்குப் போய், சிங்களமாகி, கடைசியில் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு வந்திருந்தது. எட்டு இளந்தாரிகளை ஒரு கிழவன் மலையில் உருட்டிய கதை. அந்த எட்டுப் பேரும் அதே சந்தியில்தான் நிற்பவர்கள். மனைவியின் அண்ணன் மகனைப் பார்க்கிறபோதெல்லாம், கை சுகமாகிவிட்டதா என்று கேட்கிறார்களாம். மாமே ஆட்களை ஒளித்து வைத்திருந்தார் என்பதே அந்தக் கதையால்தான் ஊருக்குத் தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலையில் மாமேயின் மிளகுக் கொடிகள் அத்தனையும் அடியில் வெட்டப்பட்டிருந்தன. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. கொடி மரத்தைப் பிடித்தபடி பச்சையாகவே இருந்தது. மூன்றாம் நாள் மலையிலிருந்து பார்த்தபோது வளவு முழுக்க இலை தொங்கிப்போயிருந்தது. பதினைந்து வருடக் கொடிகள். நான் பார்த்தேன். கொழுந்து பறித்துக்கொண்டே பார்த்தேன். அன்று என்னிடம் யாரும் படம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் லயத்துக்கு வந்தார். சாக்கு இல்லை. கச்சேரிக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆனால் வழக்கம்போல ஓர் ஈரப்பலாக்காய் கையில் இருந்தது. லயத்து வாசலில் பெண்களும் பிள்ளைகளும் கூடினார்கள். சிங்களம் தெரிந்த ஆண்கள் இரண்டு பேரும், என் அண்ணனும் அன்று டவுனுக்குப் போயிருந்தார்கள். அதையும் நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"துவ, நான் சொல்வதை இவர்களுக்கு அப்படியே சொல்" என்றார் சிங்களத்தில். "நான் அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை. எழும்பி நிற்கக்கூட இல்லை. இந்தக் கதையை யார் கட்டியது என்று சண்டை பிடிக்க வரவில்லை. கொட்டிலுக்குள் இருந்த ஒருவர் மட்டும் என்னோடு சந்திக் கடைக்கு வந்து, நடந்ததைச் சொன்னால் போதும். மனைவியின் ஆட்கள் என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அந்தப் பையன் சந்தியில் தலை நிமிர்த்துவதில்லை."

இதுவரைக்கும் சரியாகத்தான் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தார். அக்கா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் வாரேன்னு சொல்லு. நாளைக்கே வாரேன். நீயும் கூட வா. நடந்தத நான் தமிழ்ல சொல்றேன், நீ சிங்களத்துல சொல்லு."

அக்கா ஒவ்வொரு வரியாகச் சொல்வார். அவர் எழும்பவில்லை என்பார், கத்தி இல்லை என்பார், கை முறியவில்லை என்பார். ஒவ்வொரு வரியையும் என் வாயால் நானே அந்தக் கடையில் சொல்லவேண்டும். பிறகு, அப்படியானால் கதையைக் கட்டியது யார் என்று கேட்பார்கள். மாமே என்னைத் திரும்பிப் பார்ப்பார். என் கண்முன் அந்தக் காட்சி ஓடியது. நான் அவர் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், மரியாதையாகச் சொன்னேன்.

"இவங்க பயப்படுறாங்க மாமே. அக்கா கைக்குழந்தைக்காரி. யாராலயும் வர ஏலாதாம். கதையச் சொன்னது முகாமில இருந்த வேற தோட்டத்து ஆக்களாம்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார். "பயப்படத்தானே வேண்டும்" என்றார் மாமே. குறை சொல்கிற குரல் அல்ல. ஈரப்பலாக்காயை வாசலில் தண்ணீர் ஓடுகிற காண் ஓரத்தில் வைத்துவிட்டு, இறங்கிப் போனார்.

"என்னா சொன்னாரு?" என்று கேட்டார் அக்கா.

"வேணாம்னாரு அக்கா. அவரே பேசிக்கிறாராம்."

ஒரே நிமிடத்தில் இரண்டு பாஷையில் இரண்டு பொய். அக்கா என்னைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு அடுப்பு வேலை ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டேன்.

தைப்பொங்கலுக்கு முன் மாமே வளவை விட்டுவிட்டு, மனைவியோடு லக்கலையில் தங்கை இருந்த ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் இல்லாத பூமி. யானை வருகிற இடம். மிளகு வளர்த்த மனிதர் அந்த வயதில் சேனைக் காவலுக்குப் பரண் ஏறியிருப்பார். பிற்காலத்தில் இரண்டு தடவை லக்கலை பஸ் நிற்கிற இடம்வரை போனேன். ஒருமுறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தபோது, சொல்லத் தெரிந்தது எதுவும் இல்லை. இறங்கிவிட்டேன்.

அவர் போன பிறகு நான் மலையில் படம் சொல்வதை நிறுத்தினேன். பரீட்சையை மறுபடி எழுதினேன், அதற்கு மேலும் படித்தேன். இன்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் தமிழில் சொல்வதை மற்றவருக்குச் சிங்களத்தில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் வேலை. என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். யாராவது என் முன்னால் உட்கார்ந்து, "நான் வாரேன்னு சொல்லுங்க" என்று சொல்லும்போது இன்றைக்கும் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன்.

யுத்தம் முடிகிற காலத்தில் ஒரு லீவுக்கு அண்ணனின் மகள் என் வீட்டில் வந்து நின்றாள். பதினான்கு வயது. கம்ப்யூட்டரில் சுடுகிற விளையாட்டுத்தான் எந்நேரமும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் இரண்டு பேர் நின்று ஏதோ பேசுகிறார்கள், யாரோ ஒரு பெண் அழுகிறாள். இவள் ஒரு பொத்தானை அமுக்குவாள். அவர்கள் மறைந்துபோவார்கள், துப்பாக்கி வரும்.

"அந்தப் பொம்பள எதுக்கு அழுவுறா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் அத்தை. அது கதை. இத அமுக்கினா நேரா சண்டைக்குப் போயிரும்."

தொலைக்காட்சியில் வடக்கிலிருந்து வந்த செய்திகளையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். வெடிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பாள், சனங்கள் மூட்டையோடு நடக்கும்போது குனிந்துவிடுவாள். அவளைத் திட்ட வாய் எடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது?

அன்று மாலை அவளே கேட்டாள். "கத்தித் தாத்தா கதையச் சொல்லுங்க அத்தை. அப்பா சொல்லியிருக்காரு. நீங்க சத்தத்தோட சொல்லுவீங்களாம்."

அப்பா என்றால் என் அண்ணன். கொட்டிலுக்குள் என் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தவன். பலகை இடுக்கால் கத்தியைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறான். வேண்டுமென்று பொய் சொல்கிறவன் அல்ல அவன். இருபத்தைந்து வருடமாகக் கேட்டுக் கேட்டு, கத்தியைப் பார்த்தே விட்டான்.

அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். நாக்கைச் சொடுக்கவில்லை. மிளகு, தும்மல், சுளகு, மாடு, யானை, பரண். 'அவ்வளவுதானா' என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"மாடு கெடச்சிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. உயிரைக் காப்பாற்றிய கதையின் முடிவு எனக்குத் தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் சண்டைக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறே தோட்டத்துக்குப் போனேன். அக்கா பென்சன் எடுத்து, அதே லயத்தில் இருந்தார். சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். மாடு என்ன ஆனது என்று கேட்டேன்.

அக்கா பொக்கை வாயோடு சிரித்தார். "அவருக்கு ஏதுடி மாடு? மாடு வச்சிருந்தா நம்ம பட்டிக்கு வந்து சாணி அள்ளுவாரா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பய ஒருத்தன் இருந்தானே, பொண்டாட்டியோட அண்ணன் மகன். அவனுக்கு அந்த வீட்டுல மாடு இல்லன்னு தெரியாதா? தெரிஞ்சுதான் பொறகு பொறகுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எழும்பினவன இழுத்து ஒக்கார வச்சதும் அவந்தானே. அவன் கையத்தான் நீ முறிச்சு வச்ச."

பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, அவரு சொன்னதெல்லாம் சிங்களத்துலதானே. ஒங்களுக்கு எப்படி வெளங்கிச்சு?"

"எனக்குப் பேச வராதுன்னுதான் எல்லாருக்கும் தெரியும். கேட்டா வெளங்காதுன்னு நான் எப்பயாச்சும் சொன்னேனா?"

அக்கா என் கோப்பையை எடுத்து, மிச்சத்தைக் காணில் ஊற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். கோபம் ஒன்றும் இல்லை. கதையில் விட்டுப்போன இடத்தை நிரப்புகிறவர்போலத்தான் பேசினார்.

"பயப்படுறாங்கன்னு நீ அவருகிட்ட சொன்னதும் வெளங்கிச்சு. எனக்குத் திருப்பிச் சொல்ல வாய் வரல்ல. அவரு எல்லையத் தாண்டுறதுக்குள்ள நீ பின்னாலயே ஓடுவன்னு நெனச்சேன். ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார்.